வானவில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பி!

நடுவர் அய்யாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

“ரொமாண்டிக் காலத்தில் கலைக்கு அறிவியல் உறவா, பகையா?” என்பது தலைப்பு. 1800ஐ ஒட்டிய ஐரோப்பியக் கலைக் காலம் அது. ‘உறவே’ என்று பேச வந்தவள் நான். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1800இல் தன் கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பை அச்சுக்குக் கொடுத்தபோது, காற்புள்ளி அரைப்புள்ளி சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதியது யாருக்கு? ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளருக்கு! இப்படி வரிசையாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “வானவில்லைக் கண்டால் கவிஞன் கண் கலங்குவான், அந்த அக்கா அணி ஸ்கேலை எடுத்துக்கொண்டு அளக்கப் போகும். நியூட்டன் வானவில்லையே கொன்றுவிட்டான் என்று கவிஞர் கீட்ஸே சொல்லியாச்சு, அப்புறம் என்ன பேச்சு?” கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மைக்கை விட்டு நகர மாட்டேன்.

தம்பி, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன். 1817 டிசம்பர் 28, லண்டனில் ஹெய்டன் என்ற ஓவியர் வீட்டில் விருந்து. வேர்ட்ஸ்வொர்த் இருக்கிறார், கீட்ஸ் இருக்கிறார், கட்டுரையாளர் சார்லஸ் லாம் இருக்கிறார். சுவரில் ஹெய்டன் வரைந்துகொண்டிருக்கும் பெரிய ஓவியம், இயேசு ஜெருசலேமுக்குள் நுழையும் காட்சி. கூட்டத்துக்கு நடுவில் நியூட்டனின் முகம்! லாமுக்கு நல்ல போதை. “முக்கோணத்தின் மூன்று பக்கம்போலத் தெளிவாக இல்லாவிட்டால் எதையும் நம்பாத ஆளைப் போய் வரைந்திருக்கிறாயே” என்று பிடித்துக்கொண்டார். வானவில்லின் கவிதையை எல்லாம் நியூட்டன் அழித்துவிட்டார் என்று கீட்ஸும் ஒத்து ஊதினார். எல்லாருமாகச் சேர்ந்து நியூட்டன் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். இதுவரைதான் தம்பி சொன்னது.

அந்த ஓவியத்தை ஹெய்டன் முடித்தது 1820இல். நியூட்டன் முகத்தை அழித்தாரா? இல்லை! அதே கூட்டத்தில் வேர்ட்ஸ்வொர்த்தும் இருக்கிறார், கீட்ஸும் இருக்கிறார். கொன்றவரையும் குற்றம் சாட்டியவரையும் ஒரே படத்தில் நிற்க வைத்துவிட்டார் அந்த ஓவியர். பகையாளியை யாராவது அப்படிப் பக்கத்தில் நிறுத்துவார்களா?

சரி, அந்தக் கீட்ஸ் யார்? லண்டன் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்களுக்கு உதவியாக நின்று புண்ணுக்குக் கட்டுப் போட்டவர். 1816 ஜூலையில் மருந்தாளர் தேர்வில் தேறி உரிமம் வாங்கியவர். அதே ஆண்டு அக்டோபரில், ஹோமரின் காவியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு ஒரு கவிதை எழுதுகிறார். அந்த மகிழ்ச்சியை எதோடு ஒப்பிடுகிறார் தெரியுமா? நிலவோடு இல்லை, குயிலோடு இல்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனின் கண்ணுக்குள் ஒரு புதிய கிரகம் நீந்தி வந்த மாதிரி இருந்ததாம். தம்பி, உங்கள் சாட்சியே எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டாரே!

பள்ளிக்கூடத்தில் கீட்ஸுக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு வானியல் புத்தகம். அவர் பிறப்பதற்கு 14 ஆண்டு முன்னால், 1781 மார்ச் 13 இரவில், அப்படி ஒரு கிரகம் உண்மையிலேயே நீந்தி வந்தது. யுரேனஸ். கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். அவர் பிழைப்பு என்ன? பாட்டு! இங்கிலாந்தின் பாத் நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், 24 சிம்பொனி எழுதியவர். பகலில் சங்கீதம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரவில் வீட்டுத் தோட்டத்தில் தன் கையால் செய்த தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நின்ற மனிதர். இசைக்காரர் கண்ட கிரகம் கவிஞரின் வரிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பகையாக இருந்தால் வாசலிலேயே தடுத்திருக்க மாட்டார்களா?

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. அவர் தங்கை கரோலினைப் பற்றி.

ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்த பெண். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் வளர்த்தி நாலேகால் அடியோடு நின்றுபோனது. வீட்டு வேலைக்குத்தான் லாயக்கு என்று வைத்திருந்தார்கள். அண்ணன்தான் 1772இல் பாத்துக்கு அழைத்து வந்து பாட்டுப் பழக்கினார். ஹாண்டல் இசையமைத்த ‘மெசையா’ என்ற பெரிய இசைப் படைப்பில் தனிக்குரலில் பாடுகிற அளவுக்கு வந்துவிட்டார். பர்மிங்காமில் பாட வாய்ப்பு வந்தபோது, அண்ணன் நடத்தாத கச்சேரியில் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

தொலைநோக்கிக்கு உலோகக் கண்ணாடி தேய்க்க வேண்டும். பாதியில் கை எடுத்தால் வேலை கெட்டுவிடும். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்தார் அண்ணன். சாப்பாடு? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அம்மா ஊட்டுவதுபோல, தங்கை துண்டு துண்டாக வாயில் வைத்தார். தேய்க்கிறவருக்கு அலுப்புத் தட்டக் கூடாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து டான் குவிக்ஸாட், அரேபிய இரவுகள் எல்லாம் வாசித்துக் காட்டுவாராம். மறுபடியும் சொல்கிறேன், கேளுங்கள். அண்ணன் கையில் கண்ணாடி, தங்கை கையில் கதைப் புத்தகம், நடுவில் ஒரு வாய்ச் சோறு! இதில் எது கலை, எது அறிவியல்? பிரித்துக் காட்டுங்கள், நான் இறங்கிப் போய்விடுகிறேன்.

பெரிய கண்ணாடி வார்க்க அச்சு வேண்டும். அச்சுக்குக் குதிரைச் சாணம். குவியல் குவியலாக வந்த சாணத்தை உரலில் இடித்து, மெல்லிய சல்லடையில் சலித்ததும் இந்தக் கைதான், மேடையில் இசைத்தாள் பிடித்த கை.

1783, ஆண்டின் கடைசி இரவு. தரையெல்லாம் பனி. அண்ணன் அவசரப்படுத்துகிறார், தங்கை இருட்டில் ஓடுகிறார். தொலைநோக்கியின் இரும்புக் கொக்கி காலில் ஏறிவிட்டது. தூக்கி எடுத்தபோது சதை கொக்கியோடு போய்விட்டது. அதைப் பிறகு எழுதும்போது என்ன சொல்கிறார்? அன்று மிச்ச இரவெல்லாம் மேகம் மூடிவிட்டது, அதனால் அண்ணனுக்கு நஷ்டம் இல்லை, அது எனக்கு ஆறுதல் என்கிறார். கால் போகிறது அய்யா, அண்ணனின் நட்சத்திரம் தப்பியது என்கிறார்!

அந்தக் காலோடு வானத்தைப் பார்த்து எட்டு வால்மீன்களைக் கண்டார். 1787இலிருந்து அரசர் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். 1822இல் அண்ணன் போய்விட்டார். 72 வயதில் தனியாக ஹானோவர் திரும்பியவர் சும்மா இருந்தாரா? அண்ணன் பார்த்த சுமார் 2,500 வான்முகில்களையும் (நெபுலா) நட்சத்திரக் கொத்துகளையும் அண்ணன் மகனுக்குப் பயன்படும்படி வரிசைப்படுத்தி எழுதி அனுப்பினார். அதற்காக 1828இல் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்த பெண்ணுக்கு அது கிடைத்தது 1996இல்தான்.

“இது பாசக் கதை அக்கா, வாதம் எங்கே?” என்று தம்பி முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. பாசம்தான் தம்பி, மறுக்கவில்லை. 97 வயதில் கண் மூடியபோது, அண்ணனின் ஒரு கற்றை முடியையும் சவப்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்த தங்கை அவர். அவர் பாட்டை விட்டதற்கு நான் அழுதிருக்கிறேன். அவர் வானத்தைப் பிடித்ததற்கும் அழுதிருக்கிறேன். இந்த அரங்கத்தில் அண்ணனோடு பிறந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

நடுவர் அய்யா, நீங்களும் ஒரு தங்கைக்கு அண்ணன்தான். பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.