கை கொடுக்க வைத்தால் சண்டை தீருமா?

வணக்கம். வெளியே நல்ல மழை, மைக்கில் இரைச்சல் கேட்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் ஏழாம் வகுப்பில் ஒரு சண்டை. இரண்டாவது பெஞ்சின் ஜன்னலோர இடத்துக்காக இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "யார் முதலில் அடித்தது?" என்று விசாரித்து, இருவரையும் திட்டி, கை கொடுக்க வைத்தேன். இரண்டே நிமிடத்தில் பஞ்சாயத்து முடிந்தது. மாலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மறுபடி உருண்டார்கள்.

சின்ன வயதில் நாமெல்லாம் "காய்" விட்டோம், பிறகு "பழம்" விட்டோம். காய் கனிய நாளாகும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. நான்தான் தடியால் அடித்துக் கனிய வைக்கப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் இருவரையும் தனித்தனியே அழைத்தேன். தப்பு யார் மேல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "அந்த இடம் உனக்கு எதற்கு, தம்பி?" என்று மட்டும் கேட்டேன். ஒருவனுக்குப் பின்னால் உட்கார்ந்தால் கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை. வீட்டில் சொல்லப் பயம். மற்றவன் இருக்கும் மூலைக்கு ஃபேன் காற்றே வருவதில்லை. ஒரே இடத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவனுக்கு வேண்டியது வெளிச்சம்கூட இல்லை, கண்ணாடி!

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க அறிஞர் 1925இல் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. நூலக அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். யாரும் இல்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, இவர் மேல் வாடைக்காற்று நேராக அடிக்கவில்லை. நாமாக இருந்தால் பாதி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்றிருப்போம். இருவருக்கும் மனக்குறைதான் மிஞ்சியிருக்கும்.

பிறகு இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். ஒரே ஒரு விதி: அவன் சொன்னதை நீ திருப்பிச் சொல்ல வேண்டும், அவன் "ஆமாம்" என்ற பிறகுதான் உன் கதை. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? நான்கு முறை தோற்றார்கள். ஐந்தாவது முறை, "இவனுக்குப் போர்டு தெரியவில்லையாம்" என்று ஒருவன் சொன்னபோது மற்றவன் தலையைக் குனிந்துகொண்டான். கண் தெரியாதவன் முதல் பெஞ்சுக்கு வந்தான், ஜன்னல் இன்னொருவனுக்குப் போனது. அவர்களே முடிவு செய்ததுதான். கண் பரிசோதனைக்கு நான் வீட்டில் பேசினேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. இதை எல்லாச் சண்டைக்கும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவன் தினமும் மிரட்டுகிறான், இன்னொருவன் தினமும் பயப்படுகிறான் என்றால் அங்கே சமரசம் பேசுவது அநியாயம். சாதி நுழைந்த இடத்திலும் அப்படித்தான். 2023இல் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டக் கூடாது என்றது. "இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்" என்று அங்கே சொல்லிப் பயனில்லை. பெரியவர்கள்தான் முதலில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நம் பையன்கள் இன்னும் பழம் விடவில்லை. நேற்று ஒருவன் மற்றவனிடம் ஸ்கேல் கேட்டான். முகத்தைப் பார்க்காமலேயே நீட்டினான்.