மடக்குக்கத்தி ரசனையை மாத்துனது பேஷன் இல்ல, புழக்கம்!

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மடக்குக்கத்தி சேர்க்கிறவங்களோட ரசனையை மாத்துறது பேஷனா புழக்கமாங்கிறது தலைப்பு, நான் புழக்கம்தான்னு பேச வந்திருக்கேன். இப்ப பேசிட்டுப் போன எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? பித்தளையும் மரமும் வச்ச கத்திதான் அழகு, பிளாஸ்டிக் பிடியும் ஓட்டை போட்ட பிளேடும் இடையில வந்த மோகம், அவ்வளவுதான்னாரு.

சரிங்க, அவரு தூக்கி வச்சுப் பேசின கத்தியையே எடுத்துக்குவோம். அமெரிக்காவோட பக் 110, அறுபதுகள்ல வந்தது. கருத்த மரப் பிடி, ரெண்டு முனையிலயும் பளபளன்னு பித்தளை, அழகுதான், நான் மறுக்கவே இல்ல. ஆனா எடை கிட்டத்தட்ட 200 கிராம், பாக்கெட்ல போட்டா பேன்ட் தொங்கும், அதனாலதான் பெல்ட்ல தோல் உறை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க, திறக்கணும்னாலும் பிளேடுல இருக்கிற பள்ளத்துல நகத்தைக் குடுத்து இழுக்கணும், ரெண்டு கையும் வேணும்.

1981ல ஸ்பைடர்கோ கம்பெனி சால் கிளெஸ்ஸர் வொர்க்கர்னு ஒரு கத்தி கொண்டு வந்தாரு. பிளேடுல வட்டமா ஒரு ஓட்டை, பாக்கெட்ல மாட்ட கிளிப். அப்புறம் அவங்க கத்திகள்ல மாட்டுத் திமில் மாதிரி முதுகுல ஒரு மேடும் சேர்ந்துச்சு. இதெல்லாம் ஒரு கத்தியான்னு முகம் சுளிச்சவங்க நிறைய பேரு. அந்த மேடு ஏன் வந்துச்சு? கத்தி மூடியிருக்கும்போதும் ஓட்டை பிடிக்கு வெளியே நிக்கணும், அப்பத்தான் கட்டைவிரல் பதியும், அதுக்கு அந்த இடத்துல பிளேடு உசந்துதாங்க ஆகணும்! ஒரு கையில கயித்தை இழுத்துப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கத்தியை எடுத்து கட்டைவிரலால ஒரு தள்ளு தள்ளுனா டக்னு திறந்து லாக் ஆயிடும், கிளவுஸ் போட்டிருந்தாலும் சரி, இடது கைக்காரரா இருந்தாலும் சரி. நாலு வாரம் அப்படிப் புழங்குனவருக்கு ஓட்டை இல்லாத பிளேடுதான் ஏதோ குறையாத் தெரியும். பேஷன்னா வந்த வேகத்துல போயிருக்கணுமே? அந்தக் கம்பெனியோட டெலிகா 1990ல வந்தது, இன்னைக்கும் அதே ஓட்டையோட வித்துக்கிட்டு இருக்கு.

கத்தி செய்ற கிறிஸ் ரீவோட செபென்சாங்கிற மடக்குக்கத்தியும் அப்படித்தான், சாம்பல் கலர் டைட்டானியம், ஒரு பூ வேலைப்பாடு கிடையாது, கையில வாங்கித் திறந்து மூடிப் பார்த்தவங்கதான் அதுக்கு ரசிகர்.

இப்ப பிரான்ஸ் ஓப்பினெல்லுக்கு வரேன், 1890ல சவாய் மலைப்பக்கம் பிறந்த விவசாயி கத்தி. அதுல கார்பன் ஸ்டீல் பிளேடு உண்டு, ஆப்பிளும் வெங்காயமும் நறுக்க நறுக்க வெள்ளைப் பளபளப்பு போய் நீலமும் சாம்பலுமா திட்டுத் திட்டா நிறம் ஏறும். அதைக் கறைன்னு தேய்ச்சு எடுக்கிறவங்க உண்டு, ஆனா இன்னைக்கு எத்தனையோ பேரு அந்த நிறத்துக்காகவே கார்பன் ஸ்டீல் வாங்குறாங்க. கடுகு சாஸைத் தடவி வச்சு செயற்கையாவே அந்த நிறத்தை வரவழைக்கிறவங்களும் இருக்காங்க. ஆங், இது பேஷன்தானேன்னு எதிரணி இதைப் புடிச்சுக்குவாங்க, புடிச்சுக்கட்டும், நடுவர் ஐயா. ஆனா அவங்க கடுகு தடவி வரவழைக்கிறது எதை? பல வருஷம் கையில இருந்து நறுக்கி நறுக்கி வர்ற அடையாளத்தைத்தானே? புழக்கம் அழகில்லேன்னா அதுக்கு எதுக்குப் போலி? அடுத்து வர்ற நண்பர் இதுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசட்டும்.