காது கேட்காத குழந்தைக்கு இம்ப்ளான்ட்: முடிவு யாருடையது?

வணக்கம் நண்பர்களே. மரபணுத் திருத்தம், மூளைக்குள் சிப் என்று எதை எடுத்தாலும், "இது சிகிச்சையா, மனிதனையே மாற்றுவதா?" என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறோம். மூளைச் சிப் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதை விட்டுவிடுவோம். இந்தச் சண்டை பல வருடங்களாக நிஜமாகவே நடந்துவரும் இடம் ஒன்று உண்டு. காது கேளாதவர்களுக்கு ஒலியை உணரவைக்க உள்காதில் பொருத்தும் கருவி, காக்ளியர் இம்ப்ளான்ட்.

முதலில் அந்தக் கருவியைப் பார்ப்போம். காதுக்குப் பின்னால் மைக்கும் சின்ன பிராசசரும் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர், அதன் நுனியில் வட்டமான காயில். தோலுக்கு அடியில் இருக்கும் காந்தம் அந்தக் காயிலைத் தலையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் பகுதிதான் காக்ளியா. அதற்குள், கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் ஒரு மெல்லிய எலெக்ட்ரோடு இழை. ஆயிரக்கணக்கான உணர் செல்கள் பார்க்க வேண்டிய வேலையை, பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 22 எலெக்ட்ரோடுகள் பார்க்கின்றன. பேச்சு பலருக்கு நன்றாகவே புரிய ஆரம்பிக்கும். சங்கீதமும் இரைச்சலான இடங்களும்தான் பாடாய்ப் படுத்தும். காயிலைக் கழற்றினால் மறுபடியும் ஒன்றும் கேட்காது. குழந்தைகளுக்குக் கோபம் வந்தால் அதைத்தான் பிடுங்கி எறிவார்கள். (சில நாள் எனக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றும், அது வேறு கதை.)

1990-இல் அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைப் பொருத்த அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே அந்த நாட்டின் காது கேளாதோர் தேசியச் சங்கம் எதிர்ப்பு அறிக்கை வெளியிட்டது. யாருக்காகக் கண்டுபிடித்தார்களோ அவர்களே வேண்டாம் என்கிறார்களே என்று பலருக்கும் திகைப்பு.

ஆனால் அவர்களுடைய பழைய அனுபவம் அப்படி. 1880-இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கென்று ஒரு மாநாடு நடந்தது. வாய்ப்பேச்சில்தான் கற்றுத்தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறையை விட்டே விரட்டப்பட்டது. காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போனது. அதற்கு அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது எப்போது தெரியுமா? 2010-இல், வான்கூவரில். அதுவரை "உங்கள் நல்லதுக்குத்தான்" என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள், புதிதாக வந்த டாக்டரையும் சந்தேகமாகத்தானே பார்ப்பார்கள்?

சரி, "பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும்" என்று விட்டுவிடலாமா? அங்கேதான் சிக்கல். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஒலியே போய்ச் சேராத மூளை, பதினெட்டு வயதில் திடீரென்று பேச்சைப் பிரித்தறியப் பழகுவது ரொம்பக் கஷ்டம். அமெரிக்க அனுமதியில் குறைந்தபட்ச வயது 2000-இல் 12 மாதமாகவும், 2020-இல் 9 மாதமாகவும் இறங்கியது இதனால்தான். காத்திருப்பதும் குழந்தைக்காக நாம் எடுக்கும் முடிவுதான்.

இதன் மறுகோடியும் உண்டு. காது கேளாத ஓர் அமெரிக்கத் தம்பதி, தங்களைப் போலவே குழந்தை வேண்டும் என்று, பரம்பரையாகக் காது கேளாத குடும்பத்து விந்துக் கொடையாளரைத் தேர்ந்தெடுத்த செய்தி 2002-இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது. பிரிட்டனில் 2008-இல் வந்த சட்டம், குறைபாடு இருப்பதாகத் தெரிந்த கருவை ஆரோக்கியமான கருவுக்கு முன்னால் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. அந்தத் தம்பதியின் ஆசை எனக்குப் புரிகிறது. பிள்ளை நம் ஜாடையில் இருந்தால் பூரித்துப்போகிறவர்கள்தானே நாம் எல்லோரும்? ஆனால் புரிகிறது என்பதற்காக என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

என் பிள்ளையாக இருந்தால் ஆபரேஷன் செய்துவிடுவேன். என் கோபம் வேறு இடத்தில். "இம்ப்ளான்ட் வைத்தாயிற்று, இனி சைகை கற்றுத்தராதீர்கள், பேச்சு வராமல் போய்விடும்" என்று பெற்றோரைப் பயமுறுத்துகிறார்களே, அதில்தான். கருவி எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பலன் தராது. பேச்சு வருமா என்று பார்த்துக்கொண்டே முதல் சில வருடங்கள் எந்த மொழியும் இல்லாமல் ஓடிவிட்டால், அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம். முன்பு எதிர்ப்பு அறிக்கை விட்ட அந்த அமெரிக்கச் சங்கமும் 2000-இல் தன் நிலையைத் தளர்த்தியது. முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது, ஆனால் சைகை மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. டாக்டரைப் பார்த்த கையோடு, காது கேளாத பெரியவர்கள் இரண்டு பேரிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களோ வேண்டாம் என்றவர்களோ பார்த்துக்கொண்டிருந்தால் கீழே எழுதுங்கள். சப்டைட்டில் போட்டிருக்கிறேன். தானாக வருவது இல்லை, உட்கார்ந்து நானே தட்டியது. எங்காவது தப்பாக இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.