இந்தக் கோபுரம் ஏன் விழும்? 1563-இல் வரைந்த ஓவியத்தில் ஒரு சைட் இன்ஸ்பெக்‌ஷன்

[திரையில்: முழு ஓவியம்]

இந்தக் கட்டடத்துக்கு எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். ஏனென்று காட்டுகிறேன்.

ஓவியம் 'பாபேல் கோபுரம்', வானத்தைத் தொடக் கட்டத் தொடங்கி முடியாமல் போன பைபிள் கதைக் கோபுரம். வரைந்தவர் பீட்டர் ப்ரூகல், 1563. இப்போது வியன்னாவில் இருக்கிறது. வரலாறு போதும், சைட்டுக்குள் போவோம்.

[ஜூம்: சுருள் பாதை]

கோபுரம் இடப்பக்கம் சாய்கிறதா? சுற்றிச் சுற்றி ஏறும் பாதை சரிவானது. வளைவுகளைத் தரைமட்டம் பார்த்து நிமிர்த்தாமல், அந்தச் சரிவுக்குச் செங்குத்தாக எழுப்பியிருக்கிறார்கள். தூக்குக்குண்டை யாரும் வெளியில் எடுக்கவே இல்லை போல! கீழ்த்தளமே முடியவில்லை, அதற்குள் உச்சி மேகத்தைத் தொட்டுவிட்டது.

[ஜூம்: கிரேன்]

இப்போது எனக்குப் பிடித்த இடம். பாதைமேல் நிற்கும் இந்தப் பெரிய சக்கரத்துக்குள் பாருங்கள், ஆட்கள் நடக்கிறார்கள். அவர்கள்தான் மோட்டார். நடக்க நடக்கச் சக்கரம் சுழலும், அச்சில் கயிறு சுற்றும், கல் மேலே வரும்.

ஒரு கணக்கு போடலாம். சக்கரத்தின் விட்டம் 4 மீட்டர், அச்சு 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 10 மடங்கு. 60 கிலோ ஆள் 600 கிலோ தூக்குவாரா? மாட்டார். அதற்கு அவர் அச்சின் உயரத்தில், செங்குத்துச் சுவரில் நிற்க வேண்டும், பல்லியால்தான் முடியும். அடியிலிருந்து 30 டிகிரி ஏறி நின்றால் பாதிதான், 300 கிலோ. உராய்வில் இன்னும் குறையும். கல் 1 மீட்டர் ஏற அவர் 10 மீட்டர் நடக்க வேண்டும். நாம் காசு கொடுத்து ட்ரெட்மில்லில் நடக்கிறோம், இங்கே ஒரு கல்லாவது மேலே போகிறது!

கிரேனை இவ்வளவு சரியாக வரைந்தவருக்கு வளைவு வரையத் தெரியாதா? ரோமுக்குப் போய் வந்தவர், கோபுரத்தில் அங்குள்ள பழைய அரங்கமான கொலோசியத்தின் சாயலே தெரிகிறது. என்னைக் கேட்டால், வேண்டுமென்றேதான் சாய்த்திருக்கிறார்.

[ஜூம்: இடது கீழ்மூலை]

இங்கே மன்னர் சைட் விசிட் வந்திருக்கிறார். கல்தச்சர்கள் மண்டியிட்டுக் கிடக்கிறார்கள். சாய்வைப் பற்றி அவரிடம் யார் சொல்வது?

சரி, ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1844-இல் வரைந்த 'மழை, நீராவி, வேகம்' தெரியுமா? அதில் ரயில் ஓடும் பாலம் இன்ஜினியர் புருனெல் கட்டியது. 39 மீட்டர் அகல செங்கல் வளைவு, உயரமோ ஏழரை மீட்டர்கூட இல்லை. டர்னர் அதை மூடுபனியில் மறைத்துவிட்டார், எனக்கு அந்த வருத்தம் உண்டு. அது ஏன் விழவில்லை என்று தனி வீடியோ போடவா? கமெண்டில் சொல்லுங்கள், அப்படியே சப்ஸ்கிரைபும் பண்ணிவிடுங்கள்.