குந்தினா எரியுது: பியூடென்டல் நரம்பு வலியும் ஆபரேஷனும்

(காட்சி: ஒரு திண்ணை. முறம், கத்திரி, ஈரத்துணியில் சுற்றிய பீடி இலை.)

குடியாத்தத்துல எங்க அத்தை முப்பது வருஷமா பீடி சுத்தினவங்க. காலையில முறத்தை மடியில வெச்சுக் குந்தினா, சோத்துக்குத்தான் எழுந்திருப்பாங்க. ஒரு நாள் பார்த்தா, சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே இலை வெட்டிக்கிட்டிருந்தாங்க. "குந்த முடியலடா, தணல் மேல குந்தின மாதிரி எரியுது"ன்னாங்க. எந்த இடத்துலன்னு மட்டும் சொல்லல.

சொல்லக் கூச்சப்பட்டே மூணு வருஷம் போச்சு. மூலத்துக்கு மாத்திரை, யூரின் இன்ஃபெக்ஷனுக்கு மாத்திரை. எல்லா ஸ்கேனும் நார்மல். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மனசுதான்"னு ஒருத்தர் சொல்லி அனுப்பின அன்னைக்கு அத்தை ராத்திரி சாப்பிடல.

(காட்சி: இடுப்பெலும்பு வரைபடம். மஞ்சள் கோடு மெல்ல ஓடுகிறது.)

இந்த மஞ்சக் கோடுதான் பியூடென்டல் நரம்பு. முதுகெலும்போட அடியில, எஸ் 2, எஸ் 3, எஸ் 4ன்னு எண் போட்ட நரம்பு வேர்கள்ல கிளம்புது. பிறப்புறுப்பு, ஆசனவாய், நடுவுல இருக்கிற தோல், எல்லாத்துக்கும் உணர்ச்சி இது வழியாத்தான். ஆம்பள, பொம்பள ரெண்டு பேருக்கும் உண்டு. வழியில ரெண்டு தசைநாருக்கு நடுவுல நுழையணும், அப்புறம் ஆல்காக் கால்வாய்னு ஒரு இடுக்கு. இந்த ரெண்டு இடத்துலதான் பெரும்பாலும் மாட்டிக்குது. கஷ்டமான பிரசவம், இடுப்புப் பக்கம் பண்ணின ஆபரேஷன், சைக்கிள் சீட், வருஷக்கணக்கா உட்கார்ந்த வேலை, எதுலயும் இது ஆரம்பிக்கலாம்.

கண்டுபிடிக்க 2008-ல பிரான்ஸ்ல நான்ட் நகரத்துப் பேர்ல அஞ்சு அடையாளம் வகுத்தாங்க. வலி இந்த நரம்போட எல்லைக்குள்ள இருக்கணும். உட்கார்ந்தா கூடணும். தூக்கத்துலேர்ந்து எழுப்பக் கூடாது. தொட்டா உணர்ச்சி குறைஞ்சிருக்கக் கூடாது. நரம்புகிட்ட மரத்துப் போற ஊசி போட்டா வலி அடங்கணும். அத்தைகிட்ட டாக்டர் இன்னொண்ணும் கேட்டாங்க: "வெஸ்டர்ன் டாய்லெட்ல உட்கார்ந்தா வலிக்குதா?" நடுவுல ஓட்டை உள்ள அந்த சீட்ல இந்த நரம்பு வலி பெரும்பாலும் குறையும். இல்லன்னு சொல்லும்போதே அத்தைக்குக் கண் கலங்கிடுச்சு. சரியான கேள்வியை முதல்முறையா ஒருத்தர் கேட்டாங்க.

ஆபரேஷன் கடைசிப் படி. முன்னாடி நடுவுல ஓட்டை உள்ள குஷன், இடுப்புத் தசைக்குப் பிசியோதெரபி, அமிட்ரிப்டிலின், பிரீகாபலின் மாதிரி நரம்பு மாத்திரை, ஊசி. இதுலயே நிறைய பேர் தேறிடுவாங்க. தேறலைன்னாதான் கத்தி.

(காட்சி: பிட்டத்தின் வழியே செல்லும் பாதை.)

ஒரு முறையில பிட்டத்துப் பக்கம் திறந்து, நெருக்குற தசைநாரை வெட்டி, கால்வாயைத் திறந்து, நரம்பை இழுபடாத இடத்துக்கு நகர்த்தி வைக்கிறாங்க. நரம்பை அறுக்கிறதில்ல, கட்டவிழ்க்கிறாங்க. 2005-ல வந்த ஆய்வுல 16 பேருக்கு ஆபரேஷன், 16 பேருக்கு மத்த வைத்தியம். ஒரு வருஷம் கழிச்சு முன்னேற்றம் தெரிஞ்சது ஆபரேஷன் பக்கம் 71.4 சதவீதம், அந்தப் பக்கம் 13.3 சதவீதம். சின்ன ஆய்வு. ஆபரேஷன் பண்ணியும் பலன் இல்லாதவங்க அதுலயே இருக்காங்க, அதை மறைச்சுப் பேசறது தப்பு.

பலனும் உடனே வராது. பல மாசமா நசுங்கின நரம்பு ஆற மாசக்கணக்கு ஆகும். முதல் சில வாரத்துல வலி கூடினாலும் கூடும். அதனால "வலி பத்துக்கு எத்தனை?"ங்கிற கேள்வி மட்டும் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியுது, பந்தியில சாப்பிட முடியுதா, புருஷன் பொண்டாட்டி உறவு எப்படி இருக்கு, இதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அத்தை தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னாடி உட்கார்ந்த நிமிஷத்தை எழுதுவாங்க. அத்தைக்கு ஆபரேஷன் ஆகறதுக்கு முன்னாடி 5, 5, 4. ஆபரேஷன் ஆகி மூணாவது மாசத்துல 10. அப்புறம் ஒரு வாரம் திரும்ப 6, அழுதாங்க.

குடியாத்தம் கெங்கையம்மன் கோயில் போன சிரசு திருவிழா முடிஞ்சு செக்கப்புக்கு வேலூர் பஸ் ஏறினோம். பள்ளிகொண்டா வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாங்க. அங்கேர்ந்து ஒரு கைப்பிள்ளைக்காரிக்கு இடத்தைக் கொடுத்துட்டு, கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டாங்க.