விட்டத்தைப் பார்த்துக்கொண்டு

நேயர்களுக்கு வணக்கம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் படங்களுக்குப் பஞ்சமில்லை. ரிசப்ஷனில் பெரிய அருவி, வராந்தாவில் உதட்டில் விரல் வைத்த குழந்தை. எல்லாம் நடமாடுகிறவர்கள் பார்ப்பதற்கு. படுத்திருப்பவர்? விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். அங்கே மின்விசிறி, கண் கூசும் டியூப்லைட், மழை ஒழுகிய கறை. அந்தக் கறை முதல் நாள் யானையாகத் தெரியும், மறுநாள் இலங்கையாகத் தெரியும். நாம் படம் கொடுக்காவிட்டால் அவரே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார், பாருங்கள்.

பின்லாந்தில் பைமியோ என்றொரு ஊர். 1933இல் அங்கே ஒரு காசநோய் மருத்துவமனை எழுந்தது. நம் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததும் அப்படியொரு மருத்துவமனையால்தான். அப்போது காசத்தைத் தீர்க்கும் மருந்து கிடையாது. ஓய்வு, காற்று, வெயில், மாதக்கணக்கில் படுக்கை. கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ, படுத்திருப்பவர் கண்ணிலிருந்து அந்த அறையை யோசித்தார். மேல்தளத்துக்கு வெள்ளையடிக்காமல், கண்ணுக்கு இதமான அடர்பச்சை அடித்தார். விளக்கைப் பார்வையில் படாத இடத்தில் வைத்தார். வாஷ்பேசினைக்கூட, தண்ணீர் சரிவாக விழுந்து ஓசையில்லாமல் ஓடும்படி வடிவமைத்தார். ஒருவர் கை கழுவினால் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொள்ளக் கூடாதாம்! இதெல்லாம் கலையா என்று கேட்பீர்கள். கலைதான் என்பேன். ஆஸ்பத்திரிக்கு எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறோம். படுத்திருப்பவர் கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பார்க்க மட்டுமல்ல, கைக்கும் வேலை வேண்டும். 1938இல் இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர், தானே காசநோயாளியாக இருந்துகொண்டு, கட்டிலருகே கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். பென்சில் கிருமியைக் கொல்லாது, சரி. மாதக்கணக்கில் கிடப்பவருக்குப் பொழுது போவது சின்ன விஷயமா?

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஜன்னலைப் பற்றி இரண்டே வார்த்தை. அமெரிக்காவில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் புரட்டினார். சிலருக்கு ஜன்னலில் மரம், சிலருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. 1984இல் வெளியானது, 23 ஜோடி நோயாளிகள், சின்ன ஆய்வுதான். இசையைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், இன்றைக்கு ஆகாது. துணைக்கு இருக்கிறவர்கள், கட்டிலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பலாமா என்று சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். வணக்கம்.