செயின்சாவின் மாற்று கார்புரேட்டர்: திருகைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையில் இருப்பது ஸ்டில் எம்.எஸ். 180 செயின்சா. இதில் பொருத்தியிருப்பது, சாமா சி1கியூ வகையைப் பார்த்து வேறொரு நிறுவனம் செய்து மலிவாக விற்கும் கார்புரேட்டர். கயிற்றை இழுத்தால் இயந்திரம் கிளம்புகிறது. ஆனால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது ஓடும் குறைந்த வேகத்தில், நிலையாக ஓடுவதில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தடுமாறி அணைந்துவிடுகிறது. குறைந்த வேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் 'எல்' திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. திருகுக்குக் கட்டுப்படாத குறையைத் திருகால் தீர்க்க முடியாது என்பதால், முதலில் எங்கே கசிகிறது என்று தேடுவோம்.

கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன், டேங்கிலுள்ள பெட்ரோல் ஃபில்டர், ஹோஸில் விரிசல், டேங்கின் காற்றுத் துவாரம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். சில நிமிடங்கள் நன்றாக ஓடி நின்றுபோன இயந்திரம், டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால், அடைபட்டிருப்பது காற்றுத் துவாரம்தான். இந்த இயந்திரத்தில் அவையெல்லாம் சரியாக உள்ளன.

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் இருப்பதுபோல இதில் மிதவை கிடையாது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக இரண்டு டயாபிரம்கள், அதாவது வளையும் மெல்லிய சவ்வுகள், உள்ளன. பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையான கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் அசையும் ஒன்று பெட்ரோலை இழுத்துத் தருகிறது. மற்றொன்று சிறு நெம்புகோல் வழியாக, பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசியான நீடிலைத் திறந்து மூடி, தேவையான அளவை மட்டும் உள்ளே விடுகிறது.

முதல் சோதனை நீடிலுக்கு. பெட்ரோல் நுழையும் குழாயில் அழுத்தமானியுள்ள கைப்பம்பைப் பொருத்தி 0.8 பார் அழுத்தம் ஏற்றினால், முள் அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் கார்புரேட்டரைப் பெட்ரோலில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி எழும் இடத்தில்தான் கசிவு. அருகில் நெருப்போ மின்பொறியோ இருக்கவே கூடாது. இதில் முள் அசையவில்லை. ஆகவே நீடில் குற்றவாளி அல்ல.

அடுத்ததைத்தான் பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதிக வேகத்துக்கான பெட்ரோல் வெளிவரும் மெயின் நாசிலுக்குள் ஒருவழி வால்வு இருக்கிறது. பெட்ரோலை வெளியே விட வேண்டிய அது, காற்றை உள்ளே விடக் கூடாது. அது சரியாக மூடாவிட்டால், ஐடிலில் இயந்திரம் இழுக்கும்போது பெட்ரோலுக்குப் பதிலாக நாசில் வழியாகக் காற்று, நீடில் விடும் பெட்ரோல் வந்து சேரும் அறைக்குள் புகுந்து, ஐடில் துளைகளுக்குப் போகும் கலவையை மெலியச் செய்கிறது, அதாவது அதில் பெட்ரோல் குறைந்து காற்று கூடுகிறது. நாம் பார்த்த அத்தனை அறிகுறிகளுக்கும் இது பொருந்துகிறது. சோதிக்க, கீழ்மூடியையும் டயாபிரமையும் கழற்றி, அறைக்குள் தெரியும் மெயின் ஜெட் துளையில் (நாசிலுக்குப் போகும் பெட்ரோலின் அளவை நிர்ணயிக்கும் சிறு துளை) மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சை அழுத்திப் பிடியுங்கள். தள்ளினால் காற்று போக வேண்டும். இழுத்தால் அடைத்துக்கொள்ள வேண்டும். இதோ, இரண்டு பக்கமும் தாராளமாகப் போகிறது.

மாற்று கார்புரேட்டர்களில் துளையிட்டபோது உதிர்ந்த உலோகத் துகள் உள்ளேயே தங்கியிருப்பதுண்டு. அதனால் ரப்பர் பாகங்களைக் கழற்றிவிட்டு, 'எல்' திருகையும் எடுத்து, கிளீனர் ஸ்ப்ரேயால் எல்லா வழிகளையும் கழுவுகிறேன். கம்பியால் குத்தாதீர்கள், ஜெட் துளை பெரிதாகிவிடும். கழுவிய பின்பும் வால்வு காற்றைத் தடுக்காவிட்டால், அந்தக் கார்புரேட்டரையே ஒதுக்கிவிடுவது நல்லது. இங்கே கழுவியதும் வால்வு பிடித்துக்கொண்டது.

பூட்டும்போது நெம்புகோலின் உயரத்தைப் பாருங்கள். அது டயாபிரமை நோக்கி அதிகமாக எழும்பியிருந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்திருந்தால் போதாது. நெம்புகோல் உள்ள இந்தப் பக்கத்தில் முதலில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட், அதன் மேல் டயாபிரம் என்ற வரிசை மாறக் கூடாது.

இனித்தான் திருகு. 'எல்' திருகை மெதுவாக முட்டும்வரை மூடி, ஒரு சுற்று திறந்து, இயந்திரம் சூடான பின் நுட்பமாகச் சரிசெய்யுங்கள். இந்த வகையில் மெயின் ஜெட் நிலையான அளவுடையது. போலியில் அது சிறியதாக அமைந்திருந்தால் நம்மால் கூட்ட முடியாது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது. ஆகவே மெலிந்த கலவையில் முழு வேகத்தில் அறுத்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். முழு வேகத்தில் சுமையில்லாமல் ஓடும்போது கீச்சென்று கூர்மையாக ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பழைய அசல் கார்புரேட்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்களுக்கு என் ஆலோசனை, டயாபிரமும் கேஸ்கெட்டும் நீடிலும் அடங்கிய கிட் வாங்கி அதையே புதுப்பியுங்கள் என்பதுதான். கடைசியாக ஐடில் திருகை, இயந்திரம் அணையாமலும் சங்கிலி சுழலாமலும் நிற்கும் இடத்தில் வையுங்கள். ஐடிலில் சங்கிலி சுழலும் செயின்சாவை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.